அம்பத்தூர் எஸ்டேட்டில் அறை எடுப்பவர்களுக்கு

புக்கிங் ஆப்பில் ‘அம்பத்தூர்’ என்று தட்டினால் வரிசையாக ஹோட்டல்கள் வரும். அவற்றில் பல, நீங்கள் போகவேண்டிய தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்காது. சென்னையின் மேற்குப் பகுதியில் அந்தப் பெயர் பரந்து கிடக்கிறது. மார்க்கெட்டும் பழைய குடியிருப்புகளும் இருக்கிற அம்பத்தூர் ஓ.டி. ஒன்று. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை, பஸ் கண்டக்டர்கள் ‘எஸ்டேட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிற இடம், வேறொன்று. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டரை மணிக்கு அந்தச் சில கிலோமீட்டர் உங்கள் வேலையில் முதல் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு பாடி, முகப்பேர், கொரட்டூர், ஆவடி ஹோட்டல்களும் ஆப்பில் அம்பத்தூர் கணக்கிலேயே வந்து நிற்கும்.

இதைப் பிரித்தறியச் சுலபமான வழி பின்கோடு. எஸ்டேட் 600058. அம்பத்தூர் ஊர் 600053. பாடி 600050. முகப்பேர் 600037. ஹோட்டல் முகவரியின் கடைசி வரியைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதற்கும் முன்னால், போகப்போகிற கம்பெனியில் இருந்து முழு முகவரியை வாங்குங்கள். எஸ்டேட் சுமார் 1,430 ஏக்கர். உள்ளே தெருப்பெயர்கள் குறைவு. நார்த் ஃபேஸா சவுத் ஃபேஸா, எத்தனையாவது மெயின் ரோடு, பிளாட் நம்பர் என்ன என்ற மூன்றும் கையில் இருந்தால்தான் ஆட்டோக்காரருக்குச் சொல்ல முடியும். கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால், பெரிய பெயராக இருந்தாலொழிய அவருக்குத் தெரியாது. ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று யூனிட் இருப்பதும் இங்கே சாதாரணம். ‘யூனிட் 2 கேட்’ என்று குறிப்பாகக் கேட்டு, மேப்பில் அந்த கேட்டுக்கே பின் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பகுதிக்கு வந்து தங்குகிறவர்கள் யார் என்று யோசித்தால் எப்படி அறை தேடவேண்டும் என்பதும் புரியும். கம்ப்யூட்டர் வழி ஓடும் சி.என்.சி. மெஷின் சர்வீஸுக்கு வருகிறவர், சப்ளையர் ஆடிட் செய்ய வருகிறவர், புது அச்சை ஓட்டிப் பார்க்கும் டை டிரையலுக்காக மூன்று நாள் நிற்கிறவர், இன்டர்வியூவுக்கு வரும் டிப்ளமோ பையன், மகனோடு வந்திருக்கும் அப்பா. யாரும் சுற்றிப்பார்க்க வரவில்லை. எல்லோருக்கும் வேண்டியது நல்ல தூக்கமும், நேரத்துக்குப் போய்ச் சேர்வதும்தான். தூக்கம் கெட்ட மறுநாள் தகடு வெட்டும் பவர் பிரஸ் முன்னாலோ 415 வோல்ட் பேனல் முன்னாலோ நிற்கிறவருக்கு அது வெறும் அசௌகரியம் இல்லை, விரல் போகிற விஷயம். அதனால் லாபியின் அழகையும் காலை உணவு இலவசமா என்பதையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எந்த ஷிப்ட், எந்த கேட் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு அறை தேடுங்கள்.

ஏசி அறை வாடகை பொதுவாக ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி இரண்டாயிரத்துச் சொச்சம் வரை போகும். இந்த எல்லைக்குள் நூறு இருநூறு ரூபாய் வித்தியாசத்துக்காக ஊர் மாறிப் போகாதீர்கள். மிச்சம் பிடித்தது இரண்டு நாள் ஆட்டோவுக்கே போய்விடும்.

வந்து சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் சென்ட்ரல் வரை போய்த் திரும்பவேண்டும் என்பதில்லை. கோவை, சேலம், பெங்களூர் பக்கமிருந்து வரும் ரயில்களில் பல பெரம்பூரில் நிற்கும். அங்கே இறங்கி ஆவடி பக்கம் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்தால் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், வில்லிவாக்கம், கொரட்டூர், அடுத்தது பட்டரவாக்கம். எஸ்டேட்டுக்கு மிக அருகில் உள்ள ஸ்டேஷன் பட்டரவாக்கம்தான். அம்பத்தூர் என்று பெயர் போட்ட ஸ்டேஷன் அதற்கு அடுத்தது, ஓ.டி. பக்கம் தங்குகிறவர்களுக்கு அதுதான் சரி. ஃபாஸ்ட் லோக்கல் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. ஏறுமுன் பக்கத்தில் நிற்கிறவரிடம் ‘பட்டரவாக்கம் நிக்குமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் இறங்கிவிட்டால் பக்கத்துக் கட்டடமான மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில்தான் இந்த ரயில்கள் புறப்படும்.

விமானத்தில் வந்தால் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, திருமங்கலத்தில் இறங்கலாம். அங்கிருந்து பாடி வழியாக எஸ்டேட்டுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கவேண்டும். கனமான டூல் பெட்டி இருந்தால் இந்த மாறுதல்கள் முதுகை உடைக்கும். அப்போது நேரே டாக்ஸி பிடிப்பதுதான் நல்லது.

தென் மாவட்டங்களில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பழைய நினைப்பில் கோயம்பேட்டைக் கணக்குப் போடவேண்டாம். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தெற்கே இருந்து வரும் வெளியூர் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. கிளாம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் நகரத்தின் மறுகோடி. காரில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. பெருங்களத்தூரில் ஏறும் பைபாஸ் மதுரவாயல் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் ஓரமாகத்தான் புழலுக்குப் போகிறது. ஊருக்குள் நுழையாமலே வந்துவிடலாம்.

எந்த வழியில் வந்தாலும் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் எஸ்டேட் சாலையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரல் ஷிப்டும் ஐ.டி. கம்பெனி பஸ்களும் ஒரே நேரத்தில் இறங்கும் பொழுது அது. ஷிப்ட் மாறுகிற காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து மணிக்கும் பத்து நிமிடம் முன்பின்னாக கேட் வாசல்களில் நெரிசல் இருக்கும். இன்னொன்றையும் மேப்பில் பாருங்கள். திருவள்ளூர் நெடுஞ்சாலையின் நடுவே மீடியன் என்கிற தடுப்பு இருக்கிறது. ஹோட்டல் எதிர்ப்பக்கம் இருந்தால், ‘கம்பெனிக்கு நேர் எதிரில்’ என்று விளம்பரம் சொன்னாலும், வண்டியில் யூ-டர்ன் எடுத்துச் சுற்றித்தான் வரவேண்டும். நடந்து கடப்பதாக இருந்தால் சிக்னல் எங்கே என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் டிரெய்லர் வரும் வேகத்தில் அந்தச் சாலையைக் குறுக்கே கடப்பது ஆபத்து.

புக்கிங்

ஆப்பில் போட்ட புக்கிங்கை ஹோட்டலுக்கே போன் செய்து உறுதிப்படுத்தாமல் கிளம்பவேண்டாம். ஆப் கொடுக்கும் எண் பல நேரம் கால் சென்டருக்குப் போகும். மேப்பில் இருக்கும் ரிசப்ஷன் எண்ணைத் தேடி எடுத்து, புக்கிங் எண்ணைச் சொல்லி, ரூம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேளுங்கள். ‘ஹோட்டலில் பணம் கட்டலாம்’ என்ற வகை புக்கிங்தான் அதிகம் கைவிடுவது. கூட்டம் வந்தால், வாசலில் ரொக்கத்தோடு நிற்கிறவருக்கு அறை போய்விடும். போய் நின்ற பிறகு ‘ஆப் புக்கிங் எங்களுக்கு வரலை, கேன்சல் பண்ணிட்டு நேரடியா கட்டுங்க’ என்றால் நீங்களாக கேன்சல் பட்டனை அமுக்காதீர்கள். நீங்கள் ரத்து செய்ததாகப் பதிவானால் கட்டிய பணம் திரும்புவது கடினம். அந்த இடத்திலிருந்தே ஆப்பின் உதவி எண்ணுக்குப் பேசி, ஹோட்டல் அறை தரவில்லை என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மூன்று நாளுக்கு மேல் தங்குவதானால் ஆப்பை விட நேரடிப் பேச்சு லாபம். ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷன் ஹோட்டலுக்கு மிச்சமாகிறது, அதில் ஒரு பங்கை உங்களுக்கு விட்டுத்தர அவர்கள் தயங்குவதில்லை. முதல் நாளுக்கு மட்டும் ஆப்பில் போட்டு, அறையைப் பார்த்துப் பிடித்த பிறகு ‘ஒரு வாரத்துக்கு என்ன ரேட் போடுவீங்க’ என்று மேனேஜரிடமே கேளுங்கள். இரவு டியூட்டியில் இருக்கும் பையனுக்கு ரேட் குறைக்க அதிகாரம் இருக்காது. பத்து நாளுக்கு மேல் என்றால் முகப்பேர், கொரட்டூர் பக்கம் சர்வீஸ் அப்பார்ட்மென்டோ பி.ஜி.யோ பார்ப்பதே மேல்.

முகூர்த்த நாட்களைப் பஞ்சாங்கத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்தங்களில் மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ் முழுவதையும் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துவிடுவார்கள். ஒரு அறை கிடைத்தாலும் காலை மூன்று மணிக்கே வாளிச் சத்தம், குழந்தைகள் ஓட்டம், நாதஸ்வரம் எல்லாம் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் வழித் தேர்வு நடக்கும் வார இறுதிகளிலும் அறைகள் சீக்கிரம் நிரம்பும்.

அடையாள அட்டைக்கு ஆதார், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் செல்லும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஆதார் கொடுப்பதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையமான யு.ஐ.டி.ஏ.ஐ.யின் தளத்தில் இறக்கிப் பிரிண்ட் எடுத்து வைத்திருங்கள். ஜெராக்ஸ் மேல் ‘ஹோட்டல் தங்கலுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். சென்னை முகவரி உள்ள அட்டைக்குச் சில ஹோட்டல்கள் அறை தர மறுக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தச் சிக்கல் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும். வெளிநாட்டு இன்ஜினீயரை அழைத்து வருகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தகவல் தரவேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சிறிய லாட்ஜ்கள் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

செக்-அவுட் முறையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரை ஒரு நாள். இன்னொன்று பகல் 11 அல்லது 12 மணிக் கணக்கு. இதில் காலை ஆறு மணிக்கு நுழைந்தால் அன்று 12 மணிக்கே ஒரு நாள் முடிந்துவிடும், அல்லது ‘ஏர்லி செக்-இன்’ என்று தனியாக வாங்குவார்கள். இரவு ரயிலில் வந்து காலையில் இறங்கி, அன்றிரவே ரயிலில் திரும்புகிறவருக்கு, காலை ஆறு முதல் இரவு எட்டு வரை 24 மணிக் கணக்கில் ஒரு நாள் வாடகை, பகல் கணக்கில் இரண்டு நாள் வாடகை. அதே பகல் 12 மணிக்கு வந்து இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் ரயில் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு எது உதவும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணிக் கணக்கு என்றால் ரசீதில் நுழைந்த நேரத்தை எழுதி வாங்குவது அவசியம்.

அறைக்குள் ஐந்து நிமிடம்

பணம் கட்டுமுன் ‘ரூமைப் பார்த்துடறேன்’ என்று சொல்லுங்கள். மறுக்கும் இடத்தில் தங்கவேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலை ஏசியையும் கீசரையும் போடுவது. இரண்டுக்கும் நேரம் பிடிக்கும், மற்றதைப் பார்த்து முடிப்பதற்குள் இவை தங்கள் நிலையைச் சொல்லிவிடும்.

அடுத்தது கட்டில். விரிப்பை ஒரு மூலையில் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலையும் கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிய இடுக்கையும் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகு நசுங்கியது போன்ற கரும்புள்ளிகள், பழுப்பு நிறத்தில் உரிந்த தோல், சிறு ரத்தக்கறை இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. அடுத்த அறையைக் கேட்பதும் வீண், சுவர் இடுக்கு வழியாக அங்கும் போயிருக்கும். வேறு மாடியையோ வேறு ஹோட்டலையோ பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை பையைக் கட்டிலில் வைக்காமல் பாத்ரூம் டைல்ஸ் தரையிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ வையுங்கள். தெரியாமல் தங்கிவிட்டால், வீடு திரும்பியதும் துணியை அலமாரியில் வைக்காமல் நேரே 60 டிகிரி சுடுநீரில் துவைக்கப் போடவேண்டும். பையை ஜிப் திறந்து கடும் வெயிலில் காயவைத்து, தையல் ஓரங்களைப் பிரஷ்ஷால் தேயுங்கள்.

பாத்ரூமில் நுழைந்தவுடன் சாக்கடை வாடை அடித்தால் அறையை உடனே ஒதுக்கவேண்டியதில்லை. தரை ஜாலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று வாடையை அடைத்து வைக்கும். சில நாள் யாரும் தங்காத அறையில் அது வற்றிப்போகும். ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஜாலியில் ஊற்றிப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வாடை அடங்கினால் சரி. அடங்காவிட்டால் அடைப்பான் உடைந்திருக்கிறது, அன்று சரியாகாது. ஃப்ளஷை ஒருமுறை அழுத்தி, தொட்டி மறுபடி நிரம்புகிறதா என்றும் பாருங்கள். தரைத் தண்ணீர் ஜாலியை நோக்கி ஓடாமல் வாசலுக்கு வந்தால் தினமும் அறை நனையும்.

கதவின் உள்தாழ்ப்பாள் சட்டத்துக்குள் முழுதாக இறங்கவேண்டும். பூட்டு மட்டும் போதாது, மாற்றுச் சாவி ரிசப்ஷனில் இருக்கும். ஜன்னல் கொக்கி, கொசுவலை, திரைச்சீலை மூன்றையும் இழுத்துப் பாருங்கள். கட்டிலில் உட்கார்ந்து போனைப் பாருங்கள், சிக்னல் கட்டை அங்கே நிற்கிறதா என்று. தகரக் கூரைக் கொட்டகைகளுக்கு நடுவே இருக்கும் கட்டடங்களில் உள் அறைகளுக்கு சிக்னல் எட்டாது, வைஃபை மாடிக்கு மாடி மாறும். பிளக் பாயிண்டில் சார்ஜரைச் செருகித் தானாகக் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயிண்ட் இல்லாத அறைகள் நிறைய. இரண்டு மீட்டர் வயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று பையில் இருந்தால் போதும்.

இப்போது கீசருக்குத் திரும்புங்கள். 15 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட் காயில் என்றால் சாதாரணத் தண்ணீர் 50 டிகிரிக்கு வர 12 நிமிடம் போதும். அரை மணி நேரமாகியும் வெதுவெதுப்புத் தாண்டவில்லை என்றால் கோளாறு இருக்கிறது, காயில் மேல் உப்புப் படிந்து கெட்டிருக்கலாம். இந்தப் பகுதி போர் தண்ணீரில் அது சீக்கிரம் நடக்கும். சில ஹோட்டல்களில் அறைக்கு கீசர் கிடையாது, காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் மேல்தொட்டியிலிருந்து சுடுநீர் வரும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு அதனால் பயனில்லை. கீசர் எதுவானாலும் குளிக்கும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளியுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று விருந்தாளியால் பார்க்க முடியாது.

ஏசியைக் கடைசியாகப் பாருங்கள். 24-இல் வைத்துப் பத்து நிமிடத்தில் காற்று குளிரவேண்டும். குளிர்ந்தும் காற்று வேகம் இல்லையென்றால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறது. கழற்றி அலசச் சொன்னால் அங்கேயே செய்து தருவார்கள். காற்று வேகமாக வந்தும் குளிராவிட்டால் கேஸ் குறைவாகவோ வெளி யூனிட்டில் கோளாறாகவோ இருக்கும். அது இரவில் சரியாகாத வேலை, அறையை மாற்றுங்கள். ஏசிக்கு நேர் கீழே சுவரில் தண்ணீர் வழிந்த தடம் இருக்கிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள். எஸ்டேட் தூசி வடிகுழாயில் சேர்ந்து அடைக்கும், நள்ளிரவில் தலைமாட்டில் சொட்டும். கத்திரி வெயில் காலத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகல் முழுக்கச் சூடேறிய காங்கிரீட் நள்ளிரவு வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், ஒரு டன் ஏசி திணறும்.

அறையை விட்டு வெளியே வந்ததும் இரண்டு படிக்கட்டு இருக்கிறதா, ஒன்று பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள். ஒரே படிக்கட்டு, அதன் அடியிலேயே டீசல் ஜெனரேட்டர் என்ற கட்டடங்கள் உண்டு. அங்கே நான் தங்கமாட்டேன், யாரையும் தங்கச் சொல்லவும் மாட்டேன்.

சத்தமும் பகல் தூக்கமும்

கனரக வண்டிகளுக்குப் பகலில் நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால் கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் இரவில்தான் ஓடும். சாலை பார்த்த அறையில் ஏர் ஹாரன் சத்தம் விடியும்வரை ஓயாது. பின்பக்க அறை கேளுங்கள். கேட்குமுன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய், சமையலறை எக்ஸாஸ்ட், பக்கத்து ஷெட்டில் இரவு ஓடும் பவர் பிரஸ், இவற்றில் ஒன்று இருந்தாலும் சாலைப் பக்கமே மேல். கீழே பார் இருக்கும் ஹோட்டலில் முதல் மாடி வேண்டாம். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் திருவிழா ஸ்பீக்கர் தெருமுனையில் கட்டியிருக்கும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் இரவில் தூங்குகிறவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. பகலில் தூங்கவேண்டியவர்தான் அந்த மாதத்தில் இடம் பார்த்து எடுக்கவேண்டும்.

இரவு ஷிப்டில் நின்றுவிட்டுப் பகலில் தூங்க வருகிறவர்களைப் பற்றி ஹோட்டல்கள் யோசிப்பதே இல்லை. ஆகவே ஏற்பாட்டை நாமே செய்துகொள்ளவேண்டும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, சரியாக நீங்கள் தூங்கும் நேரம். எந்தப் பகுதியில் எப்போது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், செய்தித்தாளில் வரும். ரிசப்ஷனில் ‘இந்த வாரம் ஷட்டவுன் இருக்கா’ என்று நேரடியாகக் கேளுங்கள். அதோடு ‘ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா’ என்றும் கேளுங்கள். ‘ஃபுல் பவர் பேக்கப்’ என்று போர்டு இருந்தாலும் பல இடங்களில் விளக்கும் மின்விசிறியும் லிஃப்டும்தான் ஓடும்.

திரைச்சீலை நடுவில் சேராது, அந்த இடைவெளியில் வெயில் முகத்தில் விழும். துணி காயப்போடும் க்ளிப் நான்கு கொண்டுவந்தால் இழுத்துச் சேர்த்துவிடலாம். ‘இரவு ஷிப்ட், மாலை நான்கு வரை தட்டவேண்டாம்’ என்று தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அறை சுத்தம் செய்கிறவர்களில் பலர் வட மாநிலத்தவர், இந்தியிலும் ஒரு வரி எழுதிவிட்டால் நல்லது. இன்டர்காம் ரிசீவரை எடுத்து வைத்துவிடுங்கள். 24 மணிக் கணக்கில் இருந்தால் செக்-அவுட் நேரம் தூக்கத்தின் நடுவில் விழாதபடி முதல் நாளே பேசிக்கொள்ளவேண்டும்.

தண்ணீர், சாப்பாடு, எண்ணெய்க் கறை

குழாய்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். வாய் கொப்பளிக்கவும் கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஷாப் ஃப்ளோரில், அதாவது மெஷின்கள் ஓடும் கூடத்தில், நிற்கிறவருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கிக்கொண்டிருக்காமல், வாரம் தங்குவதானால் 20 லிட்டர் கேன் ஒன்றை அறைக்கே போடச் சொல்லுங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கவேண்டும், லேபிளில் ஐ.எஸ். 14543 என்ற ஐ.எஸ்.ஐ. எண் இருந்தால் நல்லது.

கிரீஸ் கையோடு ஹோட்டல் துண்டைத் தொட்டால் அதற்குத் தனி பில் வரும். கம்பெனி ஸ்டோரில் ஒரு கை பனியன் வேஸ்ட் (துடைக்கும் துணிக் கழிவு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் லிக்விடில் சர்க்கரை கலந்து தேய்த்தால் உப்புத் தண்ணீரிலும் கை சுத்தமாகும். யூனிஃபார்மை அறையிலேயே துவைத்தால் ஃபேன் காற்றில் ஓர் இரவில் காய்ந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் காயாது. மழை மாதத்தில் ஒரு செட் கூடுதலாக எடுத்துவாருங்கள்.

கொசுவுக்கு ஜன்னலை மாலை ஐந்தரைக்கு முன்பே மூடிவிட்டு, லிக்விட் மெஷினை அறைக்கு வருவதற்கு அரை மணி முன்பே போடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காலை ஆறரைக்கே இட்லி, பொங்கல் கிடைக்கும். மதியம் மெஸ்களில் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை நிற்கக்கூட இடமிருக்காது. பன்னிரண்டேகாலுக்கே போய்விடுங்கள், குழம்பும் கூட்டும் அப்போதுதான் இறங்கியிருக்கும். பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களுக்காக நடக்கும் சிறு கடைகளில் சூடாக ரொட்டியும் பருப்பும் கிடைக்கும், வயிற்றுக்கு லேசான இரவுச் சாப்பாடு. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியைப் பதினோரு மணிக்கு மேல் தொடாதீர்கள், இந்தச் சூட்டில் அது நிற்காது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடவேண்டாம். எஸ்டேட் உள்தெருக்களில் மெஸ், டீக்கடை பெரும்பாலும் மூடியிருக்கும், ஆட்டோவும் அரிது. சனி இரவே பிஸ்கட், பழம் வாங்கி வைப்பது அல்லது மெயின் ரோட்டுக்கு நடப்பது என்ற இரண்டே வழி.

அந்த வெறிச்சோடிய தெருக்கள்தான் தனியாக வரும் பெண் இன்ஜினீயர்கள் முதலில் யோசிக்கவேண்டியது. பகலில் ஆயிரம் பேர் நடக்கும் தெரு, இரவு பத்தரைக்கு இருட்டு மதில்களாகிவிடும். எஸ்டேட் உள்ளே இருக்கும் ஹோட்டலை விட மெயின் ரோட்டிலோ முகப்பேர் குடியிருப்புப் பகுதியிலோ எடுப்பது நல்லது. தூரம் கூடினாலும் பரவாயில்லை. தாழ்வாரத்தின் கடைசி அறை வேண்டாம், லிஃப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். ரிசப்ஷனில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால் வேறு அறை மாற்றித் தரச் சொல்லத் தயங்கவேண்டாம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து திரும்புவதானால் கம்பெனி வண்டியில் ஹோட்டல் வாசல்வரை விடச் சொல்லி முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி செய்து தரவேண்டிய ஏற்பாடுதான் அது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிறவர்கள் ரிசப்ஷனில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில இங்க தண்ணி எவ்வளவு நின்னுது?’ அந்த மழையில் எஸ்டேட் மூழ்கியது, தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே வேலை செய்கிற எவருக்கும் எந்தப் படிவரை வந்தது என்று நினைவிருக்கும். தரைத்தள அறை வேண்டாம், காரை பேஸ்மென்டில் நிறுத்தவேண்டாம். மின் பேனல் தரைமட்டத்தில் இருந்தால் தண்ணீர் ஏறுமுன்பே கரண்டை நிறுத்திவிடுவார்கள், ஜெனரேட்டரும் அதே மட்டத்தில் இருந்தால் அதுவும் ஓடாது. செல் டவர் விழுந்தால் யு.பி.ஐ. வேலை செய்யாது. இரண்டு நாள் செலவுக்கு ரொக்கமும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் கையில் இருக்கட்டும்.

பில்லைக் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவே கேளுங்கள். காலை ஐந்து மணிக்கு ரிசப்ஷனில் பில் போடத் தெரிந்தவர் இருக்கமாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய விகிதம் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஹோட்டலின் ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், தமிழ்நாடு என்பதால் 33 என்று தொடங்கவேண்டும். எண்ணே இல்லாத பில்லில் வரி மட்டும் சேர்த்திருந்தால் அதைக் கொடுக்கவேண்டியதில்லை. கம்பெனிக்குக் கணக்குக் காட்டுவதானால் கம்பெனிப் பெயரும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ளே நுழையும்போதே பதிவாகவேண்டும், போட்ட பில்லைப் பிறகு மாற்ற மறுப்பார்கள். ஹோட்டல் தங்கலுக்கு வரி எப்போதும் ஹோட்டல் இருக்கும் மாநிலக் கணக்கில்தான் விழும். ஆகவே பெங்களூர், புனே பதிவு மட்டும் உள்ள கம்பெனியின் கணக்கர், மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. பில் கேட்டால் ஹோட்டலோடு சண்டை போடவேண்டாம், அவர்கள் மத்திய, மாநிலப் பங்குகளான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் போட்டுத் தருவதுதான் சரி. நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், கொடுத்த அட்வான்ஸ் மூன்றும் பில்லில் இருக்கிறதா என்று சரிபார்த்து, பி.டி.எஃப். பிரதியை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.